மூன்றாம் கட்டம்

விஞ்ஞான வேன் மண்டூருக்குப் போனது
குருமண்வெளித் துறையில் பாதை ஏறித்தான்.
பாதை என்று இங்கே சொல்வது வீதியை அல்ல,
ஆட்களையும் சைக்கிள்களையும் சுமந்து
வாவியைக் கடக்கும் இரும்புத் தட்டை.
வேனுக்குள்ளே நுணுக்குக்காட்டி நான்கு,
கம்பியில் சுற்றும் கோள்கள்,
திறந்து மூடும் பிளாஸ்டிக் இதயம்,
இரும்பு தாழும் என்று காட்ட
ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆறங்குல ஆணியும்.
அவற்றோடு நான்,
மடியில் இரண்டு கட்டு வினாத்தாள்:
முன். பின்.

கற்பிப்பது என் வேலை அல்ல.
கற்றார்களா என்று எண்ணுவது.

பதினொரு பாடசாலை, அறுநூற்று நாற்பது பிள்ளைகள்.
"விஞ்ஞானத்தில் எனக்கு ஆர்வம் உண்டு."
ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிடுக.
எல்லாரும் ஐந்து.
வேன் வருமுன்னும் ஐந்து, போனபின்னும் ஐந்து.
வந்தவர் மனம் நோகக் கூடாதென்று
படுவான்கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும்.
பிஸ்கட் தந்த கைக்கு யார் மூன்று போடுவார்?

ஏழாம் கேள்வி இப்படி:
இரும்பு தண்ணீரில்
தாழும் / மிதக்கும்.
ம-31 முன்தாளில் தாழும் என்றது. ஒரு புள்ளி.
பின்தாளில் இரண்டையும் விட்டு
அடிமட்டம் வைத்து மூன்றாவதாய் ஒரு கட்டம் கீறி
உள்ளே எழுதியிருந்தது:
"பாதையும் இரும்புதானே."
பெயர் எழுதக் கூடாத தாள்.
ஆசிரியர் வெட்டிய மைக்குக் கீழே
தெரிந்தது: நிருக்சன்.

விதிப்படி பூச்சியம்.
பதிவு செய்த றிஸ்மியா சிரித்தாள்,
"வேன் வந்து இந்தப் புள்ள கெட்டுப் போச்சு அக்கா."
மென்பொருளும் அதையே சொன்னது,
சிவப்பில், கீழ்நோக்கி ஓர் அம்பு.

அதே வகுப்பில் இன்னும் பலர் இறங்கியிருந்தார்கள்.
"விஞ்ஞானம் எனக்கு விளங்கும்":
ஐந்திலிருந்து மூன்றுக்கு.
கிணற்றடித் தண்ணீர் ஒரு துளியில்
என்னென்னவோ நீந்துவதைக் கண்ட வகுப்பு.
கண்டபின் ஐந்து போடக் கூசிய கையை
நான் எந்த நிறத்தில் காட்ட?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பள்ளி வேண்டும்,
வேன் போகாத பள்ளி.
இறக்காமத்தில் எடுத்தோம்.
தாள் மட்டும் கொடுத்தோம், ஆறு வாரம் விட்டு மறுபடியும்.
பிஸ்கட் கூட இல்லை.
அங்கே புள்ளி ஏறியிருந்தது,
வேன் போன எந்த ஊரை விடவும்.
தாள் வெளியானதா, பார்த்து எழுதினார்களா என்று
பர்ஸானா டீச்சருக்குப் போன் எடுத்தேன்.
"நீங்க கேள்விய வச்சிட்டு
விடையச் சொல்லாமப் போயிட்டீங்க மிஸ்.
புள்ளைகள் விடுறாங்கல்ல.
ஆணி, சோடா மூடி, உம்மாட தாச்சி,
எல்லாம் குளத்துல போட்டுப் பாத்தாச்சு.
தாச்சி ஒண்டு இன்னும் கரைக்கு வரல்ல."

வெள்ளிக்குள் அறிக்கை கொழும்புக்குப் போக வேண்டும்.
ஒரு பிள்ளைக்கு ஆன செலவு, அதற்கொரு நிரல் உண்டு.
தாச்சியின் விலையை எதில் போடுவது?
முதலாம் கட்டம் முடிந்தது.
இரண்டாம் கட்டமும்.
மூன்றாம் கட்டத்துக்கு நிதி இல்லை என்று
கடிதம் வந்துவிட்டது.
நிருக்சன் கீறியது மட்டும் இருக்கிறது,
பென்சிலில்,
ஒரு மூலை சரியாக மூடாமல்.

தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கும் விதி
எங்கள் திட்டத்தில் இல்லை.
நேற்றுப் போனேன்.
பாதையின் விலாவில் ஒரு துருக்கோடு,
தண்ணீர் தொட்டுத் தொட்டு விட்டது.
இத்தனை தரம் ஏறியிருக்கிறேன்,
ஏறுமுன் அது எங்கே, ஏறியபின் எங்கே,
ஒருநாளும் பார்த்ததில்லை.

பெட்டியோடு மண்டூர்க் கரையில் இறங்கித்
திரும்பிக் குந்தினேன்.
ஒரு நூலளவு உயர்ந்தது போல இருந்தது.
அலையாகவும் இருக்கலாம்.
கயிற்றை அவிழ்த்தபடி பாதைக்காரர் கேட்டார்,
"என்ன மிஸ், ஏதும் விழுந்திட்டா?"